பேஸ்மேக்கர் வைக்கும் முன் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் வந்தாலே சிப்காட் தொழிற்பேட்டை கண்ணில் படும். பெரும்பாலும் ரசாயன ஆலைகள். உள்ளே பெரிய மோட்டார், கம்ப்ரசர், எந்த ஷிப்டிலும் ஏதோ ஒரு மூலையில் வெல்டிங். அங்கே வேலை பார்ப்பவரிடம் "பேஸ்மேக்கர் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை வைத்துக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டாக வேண்டும். பதிலைப் பொறுத்துக் கருவியின் அமைப்பும், அதை வைக்கும் பக்கமும்கூட மாறலாம்.

அதற்கும் முன்னால், கருவி தேவைதானா என்று பாருங்கள். நாடித்துடிப்பு குறைவதற்கு எப்போதும் இதயத்தின் மின்பாதைதான் காரணம் என்றில்லை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள், தைராய்டு குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது இவையெல்லாம் துடிப்பைக் குறைக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினாலும் குறையும். காரணத்தைச் சரிசெய்தால் துடிப்பு திரும்பிவிடக்கூடும். ஆகவே எந்தப் பொருளைக் கையாளுகிறீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் அவருக்குக் கேட்க நேரம் இருக்காது.

கருவிகளின் பெயர்கள் மிரட்டினாலும் முக்கியமான வகைகள் மூன்றுதான். துடிப்பு மெதுவாக இருப்பவர்களுக்குப் பேஸ்மேக்கர். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் இதை முதன்முதலில் உடலுக்குள் வைத்தார்கள். அது சில மணி நேரமே ஓடியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை வாழ்ந்தார். துடிப்பு திடீரென்று தறிகெட்டு ஓடும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஐ.சி.டி.; தேவைப்படும்போது அது உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். இதயம் பலவீனமாகி, இரண்டு கீழறைகளும் ஒன்றுசேர்ந்து சுருங்காதவர்களுக்கு சி.ஆர்.டி. எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப்., அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு, 35 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் ஐ.சி.டி. பேச்சு எழும். ஆனால் முன்னெச்சரிக்கையாக வைப்பதென்றால், மாரடைப்பு வந்த கையோடு வைப்பதில்லை. குறைந்தது 40 நாள் கழியவேண்டும். மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டு மறுபடி எக்கோ பார்த்தபிறகே முடிவு செய்வார்கள்.

இனி வேலை விஷயம். இந்தக் கருவிகள் மின்துடிப்பைக் கொடுப்பதோடு, இதயம் தானாகத் துடிக்கிறதா என்று, பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர் வழியாக ஓயாமல் கவனித்துக்கொண்டும் இருக்கின்றன. வெல்டிங் கிளப்பும் மின் இரைச்சலைப் பேஸ்மேக்கர் இதயத்துடிப்பு என்று எண்ணிவிட்டால், தான் கொடுக்கவேண்டிய துடிப்பை நிறுத்திவிடும். முழுக்க அதை நம்பியிருப்பவருக்குத் தலை சுற்றும், மயக்கம் வரும். ஐ.சி.டி. அதே இரைச்சலை ஆபத்தான வேகத்துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், நல்ல நினைவோடு ஏணிமேல் நிற்பவருக்கு ஷாக் அடித்துவிடும். வெல்டருக்கு இரண்டில் ஐ.சி.டி.தான் பெரிய சிக்கல்.

அதற்காக எல்லாரும் வேலையை விடவேண்டியதில்லை. இன்றைய கருவிகளுக்குப் பாதுகாப்பு உறை உண்டு. பைபோலார் வயர் பழைய யூனிபோலார் வயரைவிட வெளி இரைச்சலை மிகக் குறைவாகவே வாங்கும். 160 ஆம்பியருக்கு மேல் வெல்டிங் வேண்டாம், பொறிக்கும் கேபிளுக்கும் கருவிக்கும் இடையே 60 செ.மீ. இருக்கட்டும், கேபிள்களைச் சேர்த்து முறுக்கிப் போடுங்கள், எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். தலை சுற்றினால் அந்த நொடியே விட்டு விலகவேண்டும். இண்டக்‌ஷன் ஃபர்னஸ், உயர் மின்னழுத்த ஸ்விட்ச்யார்டு, பாரம் தூக்கும் பெரிய காந்தம் இவற்றுக்குப் பொதுவிதி போதாது; உங்கள் கருவியையும் அந்த இடத்தையும் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

எந்தப் பக்கம் வைப்பது என்றும் கேளுங்கள். வழக்கமாக இடது காறை எலும்புக்குக் கீழே வைப்பார்கள். இடதுகைக்காரர் என்றால் முன்னமே சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கத் தகுந்தது என்று சொன்னால், பெட்டி மட்டுமா, வயருமா என்று விசாரியுங்கள். இரண்டும் தகுதியாக இருந்தால்தான் பயன். பேஸ்மேக்கர் பேட்டரி சுமார் 8 முதல் 12 ஆண்டு வரும். அது தீர்ந்தால் பெட்டியை மாற்றுவார்கள், வயர் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும். அதனால் நாற்பது வயதுக்காரருக்குப் பெட்டியைவிட வயர்தான் நெடுநாள் துணை. வயரே இல்லாமல் இதயத்துக்குள் வைக்கும் சின்னக் கருவியும் வந்துவிட்டது. விலை மிக அதிகம். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தபின் வெளியே எடுப்பதும் எளிதல்ல.

செலவுக்கு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளி, கான்டிராக்டில் இருந்தாலும், இ.எஸ்.ஐ. பாதுகாப்புக்கு உரியவர். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. வடக்கே போனால் புதுச்சேரி ஜிப்மர். தனியாரில் சேர்ந்தால், பேக்கேஜில் கருவியும் அடக்கமா, எந்த மாடல் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவிக்கு ஒரு அடையாள அட்டை தருவார்கள். அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். சங்கடமான விஷயம்தான், என்றாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்: தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிடவேண்டும், தீயில் பேட்டரி வெடிக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கம்பெனிக்குக் கடிதம் கேட்பீர்கள். "லைட் வொர்க்" என்று மட்டும் எழுதித் தந்தால் சேஃப்டி ஆபீசரால் அதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. ஒன்று கேட்டுக்கு வெளியே நிறுத்துவார், இல்லையென்றால் பழைய இடத்துக்கே அனுப்புவார். எத்தனை ஆம்பியர் வரை, எவ்வளவு தூரத்தில், எந்த இயந்திரம் அருகே கூடாது, உயரத்தில் ஏறலாமா, எத்தனை வாரம் கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பாரம் எடுக்கக்கூடாது என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.