மென்பொருள் உருவாக்குநர் மாநாடு

மென்பொருள் உருவாக்குநர் மாநாடு என்பது ஓர் இயங்குதளத்தையோ நிரலாக்க மொழியையோ பயன்படுத்தி மென்பொருள் எழுதுவோர், அதனை ஆக்கியோரையும் பிற நிரலாளர்களையும் நேரில் சந்திக்கும் நிகழ்வு ஆகும். பொதுவாக இது இரண்டு முதல் ஐந்து நாட்கள் வரை நடைபெறும். ஆப்பிள் நிறுவனத்தின் உலகளாவிய உருவாக்குநர் மாநாடு, கூகிள் நிறுவனத்தின் கூகிள் ஐ/ஓ, பைத்தான் மொழியினர் கூடும் பைகான், பிரசல்சு நகரில் நடைபெறும் ஃபொஸ்டெம் என்பன இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

இம்மாநாடுகளுள் சில முற்றிலும் இலவசமானவை. சிலவற்றுக்கு ஆயிரத்தைந்நூறு டாலருக்கும் மேல் கட்டணம் இருந்தது. மாநாட்டு உரைகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கிய பின்னர், நேரில் செல்வதற்குக் கொடுக்கும் பணம் எதற்கான விலை என்ற கேள்வி எழுந்தது. இக்கட்டுரை ஆப்பிள் மாநாட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அச்செலவையும் பயனையும் விளக்குகிறது.

அமைப்பு

இத்தகைய மாநாடு பெரும்பாலும் நான்கு கூறுகளைக் கொண்டது. முதலாவது, புதிய வெளியீடுகள் அறிவிக்கப்படும் தொடக்கவுரை. இரண்டாவது, ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் விரிவாக விளக்கும் அமர்வுகள். மூன்றாவது, உருவாக்குநர் தம் மடிக்கணினியுடன் சென்று பொறியாளரிடம் நேரடியாக உதவி பெறும் ஆலோசனைக் கூடங்கள். ஆப்பிள் மாநாட்டில் இவை ஆய்வகங்கள் என அழைக்கப்படுகின்றன. நான்காவது, நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத உரையாடல்கள். தாழ்வாரத்திலும் உணவு மேசையிலும் இவை நடைபெறுகின்றன. முதல் இரண்டையும் ஒளிப்பதிவு செய்து பிறருக்கு அளிக்கலாம். பின்னிரண்டையும் அவ்வாறு அளித்தல் கடினம். மாநாட்டின் பயனைக் கணக்கிட இவ்வேறுபாடு அடிப்படையானது.

ஆப்பிள் மாநாட்டின் நுழைவுச்சீட்டு

ஆப்பிள் மாநாடு 2003 முதல் 2016 வரை சான் பிரான்சிஸ்கோ நகரின் மொஸ்கோனி மையத்திலும், 2017 முதல் 2019 வரை சான் ஓசே நகரிலும் நடைபெற்றது. ஏறத்தாழ 5,000 உருவாக்குநர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2019 வரை நுழைவுச்சீட்டின் விலை 1,599 அமெரிக்க டாலர்.

ஐபோனுக்கு வெளியார் செயலி எழுத வழி திறக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டில்தான் இம்மாநாட்டின் சீட்டுகள் முதன்முறையாக முழுமையாக விற்றுத் தீர்ந்தன. அதன் பின் வேகம் கூடியது. 2010-இல் எட்டு நாட்களிலும், 2011-இல் பன்னிரண்டு மணிநேரத்துக்குள்ளும், 2012-இல் இரண்டு மணிநேரத்துக்குள்ளும், 2013-இல் சுமார் இரண்டு நிமிடங்களிலும் சீட்டுகள் தீர்ந்தன. விற்பனை தொடங்கும் நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்த நாடுகளின் உருவாக்குநர்களுக்கு இது பெரும் இடராக இருந்தது. 2014 முதல் குலுக்கல் முறை நடைமுறைக்கு வந்தது. குலுக்கலில் தேர்வானவர் முழு விலையையும் கொடுத்தே சீட்டைப் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, பணம் இருந்தாலும் நல்வாய்ப்பு வேண்டும். நல்வாய்ப்பு இருந்தாலும் பணம் வேண்டும்.

செலவின் கூறுகள்

நுழைவுச்சீட்டு மொத்தச் செலவின் ஒரு பகுதியே. வெளிநாட்டிலிருந்து செல்பவருக்கு வானூர்திக் கட்டணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, விசா ஆகியவையும் சேரும். அமெரிக்க வருகையாளர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2012 முதல் 2023 வரை 160 டாலராக இருந்தது. விசா மறுக்கப்பட்டாலும் இத்தொகை திருப்பித் தரப்படுவதில்லை. 2014-இல் குலுக்கல் ஏப்ரல் மாதத்திலும் மாநாடு சூன் 2-ஆம் நாளிலும் அமைந்தன. ஆகவே தேர்வான வெளிநாட்டினர் இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில் விசா நேர்காணலை முடித்துப் பயணத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. மாநாட்டு நாட்களில் செய்யாமல் விடப்பட்ட வேலையின் மதிப்பே அது. பொருளியலில் இது வாய்ப்புச் செலவு எனப்படுகிறது. நிறுவனம் அனுப்பும் ஊழியருக்கு அந்நாட்களிலும் சம்பளம் உண்டு. இழப்பை நிறுவனம் ஏற்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு அந்நாட்களில் வருமானமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் கணக்கில் நுழைவுச்சீட்டும் விசாக் கட்டணமும் உண்மையான விலைகள். மற்றவை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட தொகைகள். இந்தியாவிலிருந்து செல்லும் ஒரு தனி உருவாக்குநரின் செலவு எனக் கொள்க.

நுழைவுச்சீட்டு: 1,599 டாலர்
வானூர்திக் கட்டணம்: 1,200 டாலர்
ஆறு இரவுத் தங்கல், இரவுக்கு 200 வீதம்: 1,200 டாலர்
உணவும் உள்ளூர்ப் போக்குவரத்தும்: 300 டாலர்
விசா: 160 டாலர்
கூட்டுத்தொகை: 4,459 டாலர்

இதில் நுழைவுச்சீட்டின் பங்கு மூன்றில் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். அவர் நாளொன்றுக்கு 200 டாலர் ஈட்டுபவர் என்றும், பயணத்தையும் சேர்த்து ஏழு வேலை நாட்களை இழக்கிறார் என்றும் கொண்டால், மேலும் 1,400 டாலர் சேர்ந்து மொத்தம் 5,859 டாலர் ஆகிறது.

இதனை விற்பனைக் கணக்காகவும் பார்க்கலாம். அக்காலத்தில் ஆப்பிள் செயலி அங்காடியில் விற்பனைத் தொகையில் 70 விழுக்காடு உருவாக்குநருக்குக் கிடைத்தது. 0.99 டாலர் விலையுள்ள செயலி ஒன்று விற்றால் அவர் கைக்கு வருவது சுமார் 0.69 டாலர். நுழைவுச்சீட்டின் விலையை மட்டும் ஈட்ட ஏறத்தாழ 2,310 படிகள் விற்க வேண்டும். பயணச் செலவையும் சேர்த்தால் ஏறத்தாழ 6,430 படிகள் விற்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு இது சிறிய எண்ணிக்கை அன்று.

பயன் எங்கே உள்ளது

புதிய செய்தியை முதலில் அறிவதே மாநாட்டின் பயன் எனப் பலர் கருதுகின்றனர். இது பெருமளவு சரியன்று. 2014 மாநாட்டில் ஆப்பிள் சுவிஃப்ட் நிரலாக்க மொழியை அறிமுகப்படுத்தியபோது, அம்மொழியை விளக்கும் நூல் அதே நாளில் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே அமர்வுகளின் ஒளிப்பதிவுகள் மாநாடு நடக்கும் வாரத்திலேயே பதிவுபெற்ற உருவாக்குநர்களுக்குக் கிடைத்து வந்தன. அரங்கில் அமர்ந்திருந்தவரும் வீட்டில் இருந்தவரும் புதிய மொழியை ஏறத்தாழ ஒரே நேரத்தில் கற்கத் தொடங்கினர்.

நேரில் சென்றவருக்கே உரிய பயன் ஆய்வகங்களில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் பொறியாளர்கள் அங்கு கிடைத்தனர். ஆவணத்தில் எழுதப்படாத ஒரு நடத்தையையோ, வாரக்கணக்கில் பிடிபடாத ஒரு வழுவையோ, அப்பகுதியை எழுதியவரிடமே காட்டி விளக்கம் பெற இயலும். வழு தம் நிரலில் உள்ளதா, இயங்குதளத்தில் உள்ளதா என்று தெரிந்தாலே பல நாள் உழைப்பு மிச்சமாகும். வேலைவாய்ப்பு, வாடிக்கையாளர் அறிமுகம், ஒத்த துறையினரின் நட்பு ஆகியவையும் இவ்வகைப் பயன்களே. ஆனால் இவற்றை முன்கூட்டி எண்ணால் அளவிட இயலாது.

மேற்கண்ட கணக்கின்படி, 5,859 டாலர் என்பது அந்த உருவாக்குநரின் ஏறத்தாழ 29 வேலை நாட்களின் ஈட்டலுக்குச் சமம். நேரச் சேமிப்பை மட்டும் கொண்டு செலவை ஈடுகட்ட வேண்டுமாயின், அவர் ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பை மிச்சப்படுத்தித் தரும் விடைகளுடன் திரும்ப வேண்டும். அதே செலவில் பத்துப் பேர் கொண்ட குழுவிலிருந்து ஒருவர் சென்று, கற்றதை அனைவருக்கும் கற்பித்தால், ஆளுக்கு மூன்று நாள் மிச்சமானாலே செலவு ஈடாகிறது. எனவே ஒரே மாநாடு நிறுவனத்துக்கு மலிவாகவும் தனி ஆளுக்கு விலையுயர்ந்ததாகவும் அமைகிறது. செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டா என்பதே இங்கு வேறுபாடு.

அன்பளிப்புகள்

சில நிறுவனங்கள் பங்குபற்றுவோருக்குக் கருவிகளை வழங்கின. 2012-இல் கூகிள் ஐ/ஓ மாநாட்டின் கட்டணம் 900 டாலர். கல்வித் துறையினருக்கு 300 டாலர். அவ்வாண்டு வருகையாளர்களுக்கு ஒரு திறன்பேசி, ஒரு கைக்கணினி, ஒரு ஊடகக் கருவி, ஒரு சிறு கணினி ஆகியவை வழங்கப்பட்டன. 2013-இல் 1,299 டாலர் விலையுள்ள மடிக்கணினி வழங்கப்பட்டது. புதிய கருவிக்குச் செயலி எழுதுபவருக்கு அக்கருவியே தேவை என்பது இதன் நியாயம். ஆனால் அன்பளிப்பு கட்டணத்தை விஞ்சும்போது, கற்க விரும்பாதவரும் சீட்டுக்குப் போட்டியிடுவர் என்ற விமர்சனமும் உண்டு.

மாற்று முறைகள்

ஃபொஸ்டெம் மாநாடு பிரசல்சு நகரின் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் 2001 முதல் நடத்தப்பட்டு வருகிறது. இதற்குக் கட்டணமோ முன்பதிவோ இல்லை. புரவலர் உதவி, நன்கொடை, தன்னார்வலர் உழைப்பு ஆகியவற்றால் இது நடைபெறுகிறது.

2003-இல் வாசிங்டன் நகரில் தொடங்கிய அமெரிக்க பைகான் மாநாட்டில் உரையாற்றுவோரும் அமைப்பாளரும்கூடக் கட்டணம் செலுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வசதியற்றவருக்கு நிதியுதவி தனியே வழங்கப்படுகிறது. முதன்மை நாட்கள் முடிந்த பின் ஸ்பிரிண்ட் எனப்படும் கூட்டு நிரலாக்க நாட்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு முதன்முறையாகப் பங்களிக்க விரும்பும் மாணவருக்கு இந்நாட்கள் மிகவும் பயனுள்ளவை.

உள்நாட்டு மாநாடுகள் பயணச் செலவைப் பெரிதும் குறைக்கின்றன. இந்திய பைகான் 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. 2019-இல் சென்னையில் நடைபெற்றது. இவற்றுக்கு இந்திய மாணவர் தொடர்வண்டியிலேயே சென்று வரலாம், விசா வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டின் மாற்றம்

கொரோனாத் தொற்றால் 2020-இல் ஆப்பிள் மாநாடு முழுவதும் இணையவழியில், இலவசமாக நடைபெற்றது. அப்போது ஆப்பிளிடம் பதிவுபெற்றிருந்த உருவாக்குநர் தொகை 2.3 கோடிக்கு மேல் என அந்நிறுவனம் அறிவித்திருந்தது. அத்தொகையோடு ஒப்பிட்டால், முன்பு இருந்த 5,000 இருக்கைகள் ஏறத்தாழ 4,600 பேருக்கு ஒன்று என்ற அளவினதே. மாநாடு நடைபெறாததால் சான் ஓசே நகரம் இழந்த வருவாயை ஈடுசெய்ய, உள்ளூர் அமைப்புகளுக்கு 10 இலட்சம் டாலர் வழங்குவதாகவும் ஆப்பிள் அறிவித்தது. விடுதிகளிலும் உணவகங்களிலும் மாநாட்டினர் செலவிடும் தொகை ஒரு நகருக்கு எவ்வளவு முதன்மையானது என்பதை இது காட்டுகிறது.

அவ்வாண்டு ஆய்வகங்களும் முன்பதிவு செய்து இணையவழியில் கலந்துகொள்ளும் முறைக்கு மாறின. பணத்தாலும் விசாவாலும் தடுக்கப்பட்டிருந்தவர்களுக்கு ஆப்பிள் பொறியாளருடன் பேசும் வாய்ப்பு இதனால் கிட்டியது. தாழ்வார உரையாடலுக்கு மட்டும் ஈடு கிடைக்கவில்லை. 2022 முதல் ஆப்பிள் தன் தலைமையக வளாகத்தில் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்குக் கட்டணமின்றி நேரடி நிகழ்வு நடத்துகிறது. அமர்வுகள் தொடர்ந்து இணையத்தில் வெளியாகின்றன.

தீர்மானிக்கும் முறை

செல்வதா வேண்டாவா என முடிவு செய்யுமுன், ஒளிப்பதிவில் கிடைக்கும் பயனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுதல் நலம். எஞ்சுவது மனிதர்களைச் சந்திப்பதன் பயன் மட்டுமே. யாரைச் சந்திக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதி வைக்க இயலுமாயின், செலவுக்கு ஒரு பொருள் உண்டு. அவ்வாறு எழுத இயலாதவர் முதலில் ஒளிப்பதிவுகளைப் பார்த்துக் கேள்விகளைத் திரட்டி, அருகிலுள்ள சிறிய மாநாட்டுக்குச் செல்வது பொருத்தமானது. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் கருதத்தக்கது. 2015-இல் ஆப்பிள் மாநாட்டுக்கு 350 பேர் வரை உதவித்தொகை மூலம் இலவச நுழைவுச்சீட்டு பெற வாய்ப்பிருந்தது. எனினும், அத்தகைய உதவி பயணத்தையும் தங்குமிடத்தையும் உள்ளடக்குகிறதா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.