காந்தக் கோட்டையும் முருகைக்கல் மதிலும்

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா 1560இல் எழுப்பினான் என்பதும், 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1696இல் திருத்திக் கட்டினர் என்பதும் வரலாற்று நூல்கள் தரும் செய்திகள். கல்லுடைத்தோரையும் சுண்ணாம்பு சுட்டோரையும் பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. வாய்மொழி மரபோ ஓரளவு பேசுகின்றது.

கம்மாளர் மரபிலே காந்தக் கோட்டைக் கதை ஒன்று உண்டு. மாந்தை நகரில் ஐந்தொழிற் கம்மாளரும் காந்தத்தால் மதிலெழுப்பி வாழ்ந்தனர். பகைவரின் இரும்புப் படைக்கலங்களை அம்மதில் இழுத்துக்கொண்டது. வெல்லமுடியாத பேரரசன் பரிசு அறிவிக்க, கணிகையர் கம்மாளரை மயக்கி இரகசியத்தை அறிந்தனர். மதிலைச் சுற்றி வரகு வைக்கோல் அடுக்கித் தீயிட, கோட்டை அழிந்தது என்பது கதை. அந்த மாந்தையை மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள மாதோட்டத்து மாந்தையாகக் கொள்வோரும் உளர்.

இதனை வெறுங் கற்பனையெனத் தள்ளுதல் பொருந்தாது. காந்தக்கல்லைச் சுமார் 580 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் ஈர்ப்பு கெடும். வைக்கோல் நெருப்பு ஒரு மதிலை அந்நிலைக்குக் கொண்டுவராது. ஆயினும் தீயே காந்தத்தின் பகை என்பது உலைக்களத்தில் நின்றவனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய செய்தி. இந்துமாக்கடலின் காந்தப் பாறைகள் இரும்பாணி அறைந்த கப்பல்களைப் பிடித்து நிறுத்தும் என்று தொலமி முதலாகப் பலர் எழுதினர். இக்கடலோடிகள் கயிற்றால் தைத்த மரக்கலங்களைக் கையாண்டமைக்கும் அதுவே காரணமாகக் கூறப்பட்டது. மாந்தை அக்கடல்வழியில் அமைந்த பெருந்துறை. இரட்டை அகழி சூழ்ந்த அதன் மேட்டை 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தனர். ஆய்வுநூல் 2013இலேதான் வெளிவந்தது.

கதையில் நாம் உடன்படாத இடமும் உண்டு. படையெடுத்த பேரரசன் பழியின்றித் தப்ப, அவனது பரிசுக்கு வேலைசெய்த கணிகையர் குற்றவாளிகளாகின்றனர். ஒடுக்கப்பட்டோரின் ஞாபகத்திலும் ஆளுவோரின் கருத்து இவ்வாறே குடிபுகுகின்றது.

மன்னார்த் தீவின் மதிலுக்குக் காந்தம் தேவைப்படவில்லை. முருகைக்கல் தோண்டியெடுத்த ஈரத்தில் மெதுவாயிருக்கும், எளிதில் வெட்டலாம், காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகும். அதே கல்லைச் சூளையிற் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். கட்டுகல்லும் காரையும் ஒரே கடலிலிருந்து வந்தன. மணற்பாங்கான இத்தீவில் செதுக்கிய கருங்கல் அரிது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை இடித்த கற்களே கோட்டைக்குச் சென்றன என்று மரபு கூறுகின்றது. அவ்வாறாயின், கோயிற்சிற்பிகளின் உழைப்பு மறுமுறையும் பறிக்கப்பட்டது. பீரங்கிக்கு முன் உயர்ந்த மதில் பயனற்றது. ஆகவே தாழ்ந்து பருத்த சுவர்களும் மூலைக்கொரு கொத்தளமும் சுற்றிலும் அகழியும் அமைத்தனர். புன்னைக்காயலிலிருந்து பரதவரை மன்னாருக்குக் கொண்டுவந்ததும் அந்த 1560இலேதான். முத்துக்குளிப்போரைத் தம் பிடியில் வைத்திருப்பதும் கோட்டையின் நோக்கம் என்பதை இதனால் உணரலாம்.

தெற்கே அரிப்பில் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய, 1801க்கும் 1804க்கும் இடையில் ஒரு மாளிகை கட்டுவித்தான். அது கோட்டையுமன்று, பழமையானதுமன்று. ஆனால் மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். கதைப்பாடலில் வரும் பெண்ணரசியின் பெயர் அந்த இடிந்த சுவர்களில் நிலைத்துவிட்டது. நோர்த்தின் பெயரை ஊரில் எவரும் சொல்வதில்லை.