பிளாஸ்டிக் ஜன்னல்ல கீறலா? தேய்க்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாருங்க

போன வாரம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு சாஃப்ட் டாப் ஜிப்ஸி வாங்கியிருக்கார். பகல்ல பிரச்சினை இல்லை. ராத்திரி ஜி.எஸ்.டி ரோட்டுல பின்னாடி ஒரு லாரி ஹெட்லைட் அடிச்சா, பின் ஜன்னல் முழுக்க வெள்ளையா பூத்துடுதாம். லாரி எவ்வளவு கிட்ட வருதுன்னே தெரியலையாம். "டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா சரியாகுமா ப்ரோ?"

அவசரப்படாதீங்க. முதல்ல லாக் பார்ப்போம், அப்புறம் கோட்ல கை வைப்போம்.

சாஃப்ட் டாப்ல இருக்கிற ஜன்னல் வளையக்கூடிய பிவிசி ஷீட். ஆட்டோவோட ரெக்ஸின் டாப்ல பின்னாடி தைச்சிருப்பாங்களே, அதே ஜாதி. ஹெட்லைட் மூடி வேற: அது பாலிகார்பனேட், விறைப்பா இருக்கும், மேல ஒரு பாதுகாப்பு கோட்டிங்கும் உண்டு. யூடியூப்ல உப்புத்தாள், டிரில் மெஷின் எல்லாம் வச்சுத் தேய்க்கிற வீடியோ பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கானது. அதை அப்படியே பிவிசி மேல செஞ்சா, டிரில் சூட்டுலயே ஷீட் இளகி நெளிஞ்சிடும்.

சரி, கீறல் ஏன் வெள்ளையா தெரியுது? கீறலுக்குன்னு நிறம் எதுவும் கிடையாது. காத்துல இருந்து பிளாஸ்டிக்குக்குள்ள நுழையும்போது ஒளி வளையும். மேற்பரப்பு சமமா இருந்தா எல்லாக் கதிரும் ஒரே மாதிரி வளையும், பிம்பம் கலையாது. கீறலோட சுவர்ல பட்ட ஒளி மட்டும் கண்ட திசையில சிதறும். ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல் சேர்ந்தா அதுதான் அந்த வெள்ளைப் பூப்பு.

காத்தோட ஒளிவிலகல் எண் 1, பிவிசிக்கு சுமார் 1.5, தண்ணிக்கு 1.33. கீறலுக்குள்ள தண்ணி நிரம்பினா வித்தியாசம் குறையும், சிதறலும் குறையும். அதனால ஜன்னலைக் கழுவிட்டு, ரெண்டு பக்கமும் ஈரமா இருக்கும்போதே அது வழியா பாருங்க. தெளிவா தெரிஞ்சா பிரச்சினை மேற்பரப்புலதான், பாலிஷ் வேலை செய்யும். ஈரத்துலயும் பால் மாதிரியோ மஞ்சளாவோ இருந்தா, வெயில் பிளாஸ்டிக்கை உள்ளேயே கெடுத்துடுச்சு. எந்த டப்பா வாங்கினாலும் காசு வேஸ்ட்.

தேங்காய் எண்ணெய் தடவினா கீறல் மறையுதுன்னு சொல்றவங்க பொய் சொல்லலை. தண்ணி செய்யற அதே வேலையை எண்ணெய் இன்னும் நல்லா செய்யுது, அவ்வளவுதான். ஆனா தூசி ஒட்டும். அதைத் துடைக்கும்போது புதுக் கீறல் விழும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீங்க. பிவிசியை வளைய வைக்கிற பொருளையே அது உறிஞ்சி எடுத்து, ஷீட்டை விறைக்க வச்சுடும்.

பாலிஷ் கீறலை நிரப்பறது இல்லை. சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்கைத் தேய்ச்சு, பள்ளத்தோட மட்டத்துக்குக் கொண்டு வருது. அதனால நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு ஆழமான கீறலை விட்டுடுங்க. ஷீட்டே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இருக்காது, அதுல எவ்வளவு தேய்ப்பீங்க?

டூத்பேஸ்ட்லயும் தேய்க்கிற துகள் இருக்கு, ஆனா அது பல்லுக்காகச் செஞ்சது. என் ஓட்டு பிளாஸ்டிக் பாலிஷுக்குத்தான். நோவஸ் 2, மெகுயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் மாதிரி ஏதாவது ஒண்ணு. நிழல்ல நிறுத்தி, நிறைய தண்ணி விட்டு மண்ணை இறக்குங்க. உள்பக்கத்துல இருந்து ஒருத்தர் உள்ளங்கையால தாங்கிப் பிடிக்கட்டும். மைக்ரோஃபைபர் துணியில கொஞ்சம் எடுத்து, கையாலேயே, ஒரு உள்ளங்கை அளவு இடமா தேய்ங்க. முதல்ல ஒரு மூலையில மட்டும் செஞ்சு பார்த்துட்டு மத்த இடத்துக்குப் போங்க.

இந்தக் கீறல்ல பல ரோட்டுல வந்தது இல்லை, காலையில உலர்ந்த துணியால "தூசி தட்டறோம்"னு நாமே போடறது. ரோட்டு மண்ணுல இருக்கிற மணல் துகள் பிளாஸ்டிக்கை விட ரொம்பக் கெட்டி. மடிப்பும் ஒரு காரணம். 1989-ல வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ல பின் ஜன்னலுக்கு ஜிப் வச்சிருந்தாங்க. டாப்பை இறக்கறதுக்கு முன்னாடி ஜிப்பைக் கழட்டி ஜன்னலைத் தட்டையா படுக்க வைக்கணும். அடுத்த தலைமுறையில கண்ணாடியே போட்டுட்டாங்க. நம்ம வண்டியில ஷீட்டைச் சுருட்டறதா இருந்தா நடுவுல ஒரு சுத்தமான காட்டன் துணி வச்சுச் சுருட்டுங்க.

தண்ணி டெஸ்ட்ல ஃபெயில் ஆன ஜன்னலுக்கு டாப் முழுசா மாத்தணும்னு இல்லை. நல்ல குஷன் ஒர்க்ஸ் கடையில பழைய ஷீட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு புதுசு தைச்சுக் கொடுப்பாங்க. தைக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஷீட்டைக் கண்ணுக்கு முன்னாடி விரிச்சுப் பிடிச்சு, கடை ட்யூப்லைட்டைப் பாருங்க. லைட் நேர்க்கோடா தெரியணும். நெளிஞ்சா வேற ரோல் கேளுங்க.