மைல்கல் எதைக் காட்ட வேண்டும்?

பாதையோரத்து மைல்கல், வண்டி எத்தனை நாழிகை ஓடிற்று என்பதையோ மாடுகள் எவ்வளவு களைத்தன என்பதையோ சொல்வதில்லை. ஊர் இன்னும் எவ்வளவு தொலைவு என்பதையே சொல்கிறது. திட்டங்களை வகுப்போர் இந்த வேற்றுமையை அடிக்கடி மறந்துவிடுகின்றனர். நம் நாட்டில் பெரியம்மை ஒழிக்கப்பட்ட வரலாறு இதனை நன்கு விளக்கும்.

தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மக்களில் 80 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் அம்மை குத்தி முடிப்பதே அப்பொழுது வைத்துக்கொண்ட குறியாகும். பதிவேடுகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது, நோயோ ஒழியவில்லை. காரணம் மறைவானதன்று. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் குத்துவது எளிது. விடியுமுன் கூலி வேலைக்குச் செல்லும் தாயையும் அவள் இடுப்பிலுள்ள குழந்தையையும் தேடிப் பிடிப்பது கடினம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான். ஊழியர்கள் சோம்பியிருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எதனை எண்ணச் சொன்னார்களோ அதனையே அவர்கள் எண்ணினார்கள்.

முதியோர் கல்வியிலும் இதே தவறு நேரக்கூடும். நடந்த வகுப்புகளை எண்ணுவது ஒன்று. தம் பெயருக்கு வந்த கடிதத்தைத் தாமே படிக்க வல்லவர் எத்தனை பேர் என்று பார்ப்பது வேறொன்று.

1973-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கேள்வியே மாற்றப்பட்டது. எத்தனை பேருக்குக் குத்தினோம் என்பதற்குப் பதிலாக, நோய் எங்கே இருக்கிறது, அங்கே அது அடங்கிவிட்டதா என்று கேட்கலாயினர். உத்தரப் பிரதேசம், பீஹார், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி ஊர் ஊராகச் சென்றனர். பள்ளிகளிலும் வாரச் சந்தைகளிலும் விசாரித்தனர். ஊரில் எந்த வீட்டில் அம்மை என்பதைப் பெரியவர்கள் மறைத்தாலும் பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்! முதல் தேடுதலிலேயே, எவரும் அறிவிக்காதிருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டனர்.

1974-இல் நாட்டில் பதிவான நோயாளிகள் 1,88,000-க்கு மேல். பீஹாரில் நோய் உண்மையிலேயே கடுமையாகப் பரவிய ஆண்டு அது; ஆயினும் முன்பு மறைந்து கிடந்ததும் இப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணிக்கையை மட்டும் நோக்குபவர் திட்டம் தோற்றது என்றே முடிவு கட்டியிருப்பார்.

நோய் கண்ட ஒவ்வோர் ஊருக்கும் வைத்த மைல்கல் எதுவெனில், அவ்வூரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும் நாளாகும். நோயாளியின் வீட்டு வாயிலில் இரவும் பகலும் காவல் இருக்கும். சுற்றியுள்ளோர் அனைவருக்கும் அம்மை குத்தப்படும். கடைசி நோயாளிக்குப் பின் நான்கு வாரங்கள் புதிய நோயாளி எவரும் தோன்றாதிருந்தால் மட்டுமே ஊர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிற்பாடு இது ஆறு வாரங்களாக நீட்டப்பட்டது. இக்கெடு மனம்போனபடி வைத்ததன்று. பெரியம்மை தொற்றியபின் வெளிப்படச் சுமார் 12 நாட்கள் ஆகும். ஆகவே, கண்ணில் படாமல் ஒருவர் தப்பியிருந்தாலும், அவரிடமிருந்து தொற்றியவர் அந்த அவகாசத்துக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுவார். மார்ச் 31-ஆம் தேதியோடு ஆண்டு முடிகிறதென்பதை நோய்க்கிருமி அறியாது.

வேலையைச் செய்தவரே அது முடிந்ததெனச் சான்றளிக்கவும் விடவில்லை. தேடுதல் முடிந்த சில நாட்களில் வேறொரு குழு, சில ஊர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சென்றது. ஊழியர் வந்தாரா, படத்தைக் காட்டினாரா, நோயாளியைத் தெரிவிப்போருக்கு வெகுமதி உண்டென்பது தெரியுமா என்று ஊராரையே கேட்டது. நோய் அரிதாக அரிதாக, அவ்வெகுமதி 50 ரூபாயிலிருந்து 100 ஆகி, இறுதியில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. இதனால் நோயாளியைக் கண்டுபிடித்தல் ஊருக்கோ ஊழியருக்கோ இழுக்கு என்ற எண்ணம் தளர்ந்தது.

1975-ஆம் ஆண்டு மே மாதத்தில், பங்களாதேஷிலிருந்து வந்து அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் நோய் கண்ட ஒரு பெண்மணியே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி. அத்துடன் எவரும் கடையைக் கட்டவில்லை. ஈராண்டுகள் நோயின்றிக் கழிந்தாலன்றி ஒரு நாடு விடுபட்டதாகக் கொள்ளலாகாது என்பது விதி. இல்லாத நோயைத் தேடி வீடு வீடாகச் செல்வதைவிடச் சலிப்பூட்டும் வேலை வேறில்லை. கொப்புளத்துடன் காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரையும் பார்த்து, அது சின்னம்மையே என்று உறுதி செய்துகொண்டே வந்தனர். 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு இந்தியாவுக்குச் சான்று வழங்கியது.