ஒன்பது கிலோமீட்டரும் ஒரு ஜோடி செருப்பும்



சென்னை நகரில் குழுக்களாக நடந்து நமது மருத்துவமனைக்கு நிதி திரட்டும் காரியத்தை அறிவித்தது முதல், சபைகளிலிருந்து ஒரே கேள்வி பலவிதமாய் வருகிறது. "கொடுக்க மனமிருந்தால் கொடுத்துவிடலாமே, அதற்கு ஏன் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடக்காமல் கொடுக்கிறவர்களின் காணிக்கையும் எங்களுக்கு அதே அளவு பிரயோஜனமானது. ஆனாலும் இந்த நிதி எதற்குப் போகிறது என்று அறிந்தால், நடைக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் விளங்கும். இது உணர்ச்சி இழந்த பாதங்களுக்குக் காலணி செய்யும் நிதி.

ஒன்பது கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 13,000 அடிகள் எடுத்து வைக்கிறோம். ஐந்தாவது கிலோமீட்டரில் குதிகால் கொஞ்சம் உறுத்தும். உடனே நாமே அறியாமல் பாரத்தைப் பாதத்தின் வேறு பக்கம் மாற்றி ஊன்றுகிறோம். செருப்புக்குள் மணல் புகுந்தால் நின்று உதறுகிறோம். வலி என்னும் காவற்காரன் இந்த வேலையை ஓயாமல் செய்கிறான்.

தொழுநோயினாலோ நீண்ட நாள் நீரிழிவினாலோ நரம்பு கெட்டவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. 13,000 அடிகளும் ஒரே இடத்தில் விழும். தோல் சிவக்கும், உள்ளே சதை நசியும், புண்ணாகும். அவருக்கோ ஒன்றும் தெரியாது. மாலையில் வீட்டிலுள்ள யாராவது தரையில் இரத்தக்கறையைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய உண்மை இது. தொழுநோயாளியின் கை கால்கள் நோயினால் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சியில்லாததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன. காயத்தைத் தடுத்தால் பாதம் நிலைக்கும்.

தடுக்கும் வழிகளில் முக்கியமானது செருப்பு. எம்.சி.ஆர். என்று எங்கள் காலணிக் கூடத்தில் சொல்லும் மிருதுவான ரப்பர் உள்ளே. முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி அடிப்பாகம் வெளியே. இந்தச் செருப்பில் ஆணி அடிப்பதில்லை. ஒட்டியும் தைத்துமே செய்கிறார்கள். உணராத பாதத்தில் ஓர் ஆணி போதும், புண் எலும்பு வரை போய்விடும். ஆனால் மெத்தென்ற ரப்பர் சில மாதங்களில் அமுங்கிப் போகும். ஆகையால் இது ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் உதவி அல்ல. அதே மனிதர் திரும்பத் திரும்ப வருவார், வரவும் வேண்டும்.

"தொழுநோய் ஒழிந்துவிட்டதே!" என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதாக இந்தியா 2005-இல் அறிவித்தது மெய்தான். பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள். கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைக் குணமாக்குகிறது. செத்துப்போன நரம்பை அது எழுப்புவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே குணமானவர்களின் பாதங்கள் இன்றும் எங்கள் பொறுப்பு. சாதாரண எம்.சி.ஆர். செருப்பை அரசு இலவசமாக வழங்குகிறது, அதற்கு நன்றி செலுத்துகிறோம். ஆனால் விரல் இழந்த, வளைந்த பாதத்துக்கு ஆயத்தச் செருப்பு பொருந்தாது, அளவெடுத்துத்தான் செய்யவேண்டும். இவர்களோடு நீரிழிவுக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. இவர்களில் கொத்தனார் வேலைக்கும் காய்கறி வண்டிக்கும் போகிற ஒருவருக்குப் பாதத்தில் புண் வந்தால், ஆறும்வரை வாரக்கணக்கில் படுத்திருக்கவேண்டும். கூலி நிற்கும். நிற்கிறதே என்று புண்ணோடு வேலைக்குப் போனால், காலையே எடுக்க நேரிடும்.

இனி நடைக்கு வருவோம். எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தருகே (1821-இல் திறக்கப்பட்ட 'கிர்க்') அதிகாலையில் கூடி ஜெபித்துப் புறப்படுகிறோம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாக ரிப்பன் கட்டடம், சென்ட்ரல். பிறகு தீவுத்திடல் பக்கம் அங்கவடியில்லாமல் குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலை. போர் நினைவிடம், நேப்பியர் பாலம். 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகச் சதுரங்கக் கட்டம் தீட்டினார்களே, அதே பாலம். அப்புறம் மெரினா முழுவதும். உழைப்பாளர் சிலையையும், நடக்கும் கோலத்திலுள்ள காந்தி சிலையையும் வடித்தவர் ஒருவரே, தேவிபிரசாத் ராய் சௌத்ரி. கலங்கரை விளக்கம் தாண்டி சாந்தோம் பேராலயத்தில் முடிக்கிறோம். மெட்ரோ வேலையால் எங்கேனும் பாதை மாறினால், காவல்துறை காட்டும் வழியே நமது வழி.

குழுவுக்குப் பத்துப் பேர். வேகத்துக்குப் பரிசு கிடையாது; கடைசியில் வருகிறவரின் நடையே குழுவின் நடை. எங்களுக்குப் பிடித்த விதியும் இதுதான். முன்னால் ஓடிவிடும் வாலிபருக்கு இது கொஞ்சம் கஷ்டமாயிருக்கும். அவர்கள் தண்ணீர் சுமக்கலாம்.

ஒவ்வொருவரும் ஆதரவாளர் படிவத்தில் பெயர்களைச் சேர்க்க வேண்டும். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் வீதம் 15 பேர் ஒப்புக்கொண்டால், ஒருவர் நடந்து சேர்ப்பது 1,350 ரூபாய். பத்துப் பேர் குழுவுக்கு 13,500 ரூபாய். பெரிய தொகை தரக்கூடிய ஒருவரைத் தேடுவதைவிட, சின்னத் தொகை தரும் பதினைந்து பேரிடம் போவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். அந்தப் பதினைந்து பேரும் "எதற்கு?" என்று கேட்பார்கள். அப்போது மரத்துப்போன பாதத்தைக் குறித்துச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். கேட்டவர்களில் ஒருவர் தம் தகப்பனாருடைய பாதத்தைப் புரட்டிப் பார்த்தாலும் அது ஊழியமே. பனியன், தொப்பி, பதாகை ஆகியவற்றுக்கு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. யாராவது தனியே தாங்கினால் சரி, இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வெள்ளைச் சட்டை போதும்.

ரசீது பெற விரும்புவோர் பெயர், விலாசம், பான் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாய்க் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ நலம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரின் காணிக்கையை உங்கள் கணக்கில் வாங்கி எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அதற்கென்று சட்டப்படி தனிக் கணக்கு உண்டு. அலுவலகத்தைக் கேட்டு அதற்கே அனுப்பச் சொல்லுங்கள்.

நீரிழிவுள்ளவர்கள் படிவம் தருமுன் பாதத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்தும் சோதனை. சில நிமிஷம்தான், வலியில்லை. இழை படுவது தெரியாவிட்டால் நீங்கள் இந்த நடையில் சேரக்கூடாது, எவ்வளவு ஆசையிருந்தாலும். உங்களுக்கும் முதிர்வயதானவர்களுக்கும் சாந்தோமில் வேலை இருக்கிறது. வந்து சேருகிறவர்களுக்கு மோர் ஊற்றவும், படிவங்களைச் சரிபார்க்கவும், நிழலில் நாற்காலி போடவும் ஆட்கள் வேண்டும். பெயர்களை உங்கள் ஆயரிடம் கொடுங்கள்.