ரிமோட் கார்ப் பந்தயம்
ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரை 1976-இல் வெளியிட்டது. அது போர்ஷே 934 மாதிரி. இன்று பந்தயத் தடங்களில் அதிகம் ஓடுபவை, அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின் கார்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி.

வெற்றியைத் தீர்மானிப்பது வேகத்தைவிட வளைவில் கிடைக்கும் பிடிப்புதான். மோட்டார் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் நேர்ப்பாதையில் வேகம் கூடும், மோட்டாரும் சூடேறும். ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றினால் கார் மெதுவாகச் சாயும். ஆனால் மேடுபள்ளத்தில் துள்ளும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். புதியவர்கள் மீறுவதும் இந்த விதியைத்தான்.

ஒரு போட்டி பெரும்பாலும் 5 நிமிடம். காரிலுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி சுற்றுகளைக் கணக்கிட உதவும். ஓட்டி முடித்தவர்கள் அடுத்த போட்டியில் கவிழும் கார்களை நிமிர்த்த நிற்பது வழக்கம்.

பேட்டரி சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டினால் தீப்பிடிக்கலாம்.