கூடாரத்துப் பெண்களின் கைவேலை

யாத்திராகமத்தில் ஆண்டவரின் கூடாரம் அமைக்கப்பட்ட வரலாற்றைப் படிப்போர் பொன்னையும் வெள்ளியையும் நினைவில் கொள்வர். வெள்ளாட்டு மயிரைத் திரித்த பெண்களை எளிதில் மறந்துவிடுவர். வேதாகமம் அவர்களை மறக்கவில்லை, தனியே குறிப்பிடுகிறது. கூடாரத்தில் வாழும் மக்களுக்கு உரோம வேலை என்பது குளிரிலிருந்தும் காற்றிலிருந்தும் குடும்பத்தைக் காக்கும் சுவரை எழுப்புவதாகும்.

அத்தகைய சுவரைக் கையால் செய்ய அறிந்த பெண்கள் மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தான் நாட்டில் இன்றும் உள்ளனர். கோடையில் மந்தைகளோடு தியான்ஷான் மலைப் புல்வெளிகளுக்கு ஏறி, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வாழ்ந்த கிர்கிஸ் மக்களின் வீடு, மரச் சட்டங்களால் ஆன வட்டக் கூடாரம். சட்டத்தைச் சுற்றி முதலில் புல்தட்டைப் படல். அதன்மேல் ஃபெல்ட் போர்வை. ஃபெல்ட் நெய்யப்படுவதன்று. உரோமத்தைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, உருட்டி மிதித்து இறுக்கினால் அது தடித்த கம்பளியாகிறது.

படல் செய்யும் முறை வியப்புக்குரியது. நாணலைப் போல் உயர்ந்து வளரும் 'சிய்' என்னும் புல்லின் தட்டைகளை உரித்து, ஒரே அளவாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு தட்டையின்மீதும் சாயமிட்ட உரோமத்தைச் சுற்றுகிறார்கள். எந்தத் தட்டையில் எவ்விடத்தில் சிவப்பு முடிந்து நீலம் தொடங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான தட்டைகளை வரிசையாகக் கட்டிய பிறகே கோலம் முழுமையாகப் புலப்படும். கருவியோ மிக எளியது: இரு கவைக்கோல்கள், அவற்றின்மேல் ஒரு குறுக்குக் கம்பு, கல் கட்டித் தொங்கவிட்ட நூல்கள். கற்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட, நூல் தட்டையை இறுகப் பற்றுகிறது. கோடையில் போர்வையைச் சற்றே உயர்த்திவிட்டால், படலின் வழியே காற்று வரும். வெளியார் பார்வை உள்ளே படாது.

'சிர்தாக்' எனப்படும் ஃபெல்ட் விரிப்பிலும் இதே சிக்கனமும் கணக்கும் உண்டு. இருநிற ஃபெல்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒருசேர வெட்டி, ஒன்றின் வடிவத்தை மற்றதன் வெற்றிடத்தில் பொருத்தித் தைப்பர். துணுக்கும் வீணாகாது. ஆட்டுக்கடாவின் கொம்பு வடிவம் இவ்விரிப்புகளில் அடிக்கடி காணப்படும்.

1930களில் சோவியத் ஆட்சி மேய்ப்பர்களைக் கூட்டுப்பண்ணைகளில் குடியமர்த்தியது. ஆலைகளுக்கென மெல்லிய உரோமம் தரும் ஆடுகள் பெருக்கப்பட்டன. ஃபெல்ட்டுக்கு ஏற்றதோ நாட்டு ஆட்டின் முரட்டு உரோமம். 1991இல் நாடு விடுதலை பெற்றபோது பண்ணைகள் குலைந்தன, சம்பளம் நின்றது, சில ஆண்டுகளில் ஆடுகளின் தொகை பாதிக்கும் கீழே சரிந்தது. அவ்வேளையில் பெண்களுக்குக் கைகொடுத்தது பாட்டிமாரின் கைவேலையே. கொச்கோர் என்ற ஊரில் (அப்பெயருக்கே ஆட்டுக்கடா என்பது பொருள்) பெண்கள் கூட்டுறவாக இணைந்து, தம் விரிப்புகளைத் தாமே விற்கத் தொடங்கினர்.

இங்கேதான் புதிய வடிவமைப்பு நுழைகிறது. பழைய கலையைப் புதுமை கெடுத்துவிடும் என்று முகம் சுளிப்போர் உண்டு. நாம் அக்கருத்தினர் அல்லர். பல பத்தாண்டுகள் உழைக்கும் சிர்தாக்கை ஒரு குடும்பம் எத்தனை முறை வாங்கும்? ஆகவே காலணி, மெத்தையுறை, பட்டோடு சேர்த்து இறுக்கிய மெல்லிய கழுத்துத்துணி ஆகியவற்றைச் செய்யக் கற்றனர். பளிச்சென்ற சிவப்புக்குப் பதில், சாயமிடாத பழுப்பையும் சாம்பலையும் விரும்பும் அயல்நாட்டாருக்கு ஏற்ப நிறமும் மாறியது.

நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. பெரிய விரிப்பு ஒன்று முடியப் பல மாதங்கள் செல்லும். அம்மாதங்களுக்குரிய கூலி தைத்தவளின் கையைச் சேராமல் இடைத்தரகரிடம் தங்கிவிடுமாயின், அழகிய வடிவமைப்பினால் அவளுக்கு என்ன பயன்? உழைப்பு மனிதனுக்காகவே என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்தது இம்மலைப் பெண்களுக்கும் பொருந்தும். கூலி கட்டாதபோது மகள் ஊசியை வைத்துவிட்டு, வேலை தேடி ரஷ்யாவுக்குப் புறப்படுகிறாள். 2012இல் யுனெஸ்கோ கிர்கிஸ் ஃபெல்ட் விரிப்புக் கலையை அவசரப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வல்லவர்களுள் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள் என்பதும், மலிவான செயற்கைக் கம்பளங்கள் வீடுகளை நிரப்பிவிட்டன என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் அடங்கும்.

ஃபெல்ட்டுக்குக் கிடைத்த வாழ்வு வண்ணப் படலுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி வரும் நீளத்துக்குச் செய்த படல் பயணியின் பெட்டியில் அடங்குமா? சுவரில் தொங்கவிடும் அளவுக்குக் குறுக்கினால் விற்கலாம். கோலமும் உடன் குறுகிவிடும். ஆனால் ஒன்று: கையால் ஃபெல்ட் செய்வோர் உரோமத்தைப் பரப்பி உருட்டுவது, வண்ணம் சுற்றாத வெறும் சிய் பாயின்மேல்தான். எனவே ஃபெல்ட்டை வாங்குவோர் உள்ளவரை, யாரேனும் ஒருத்தி அரிவாளோடு சிய் வளரும் இடத்துக்குப் போயாக வேண்டும். அவள் வெறும் பாயோடு நின்றுவிடுவாளா, தட்டைகளின்மேல் வண்ணமும் சுற்றுவாளா என்பது, அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாளா என்பதைப் பொறுத்தது.